மூஞ்சில அடிச்ச மாதிரி ஒரு நோ

"ஒருநாள் வீட்டுக்கு சாப்பிட வாங்க"ன்னு ஆஸ்பத்திரியில கூட வேலை பாக்குற ஒரு அம்மாவ கூப்பிட்டேன், கம்ப்யூட்டர்ல இருந்து தலைய தூக்காமலே "நோ, ஐ டோண்ட் திங்க் சோ"ன்னுட்டாங்க. ஒரு சாரி கிடையாது, ஒரு காரணம் கிடையாது. இங்கிலாந்துல லீட்ஸ் ஊருக்கு நான் வந்த புதுசு, அன்னைக்கு ராத்திரி எனக்கு சோறு இறங்கல.

எங்க வார்டுல வேலை பாக்குற மலையாளி சேச்சிதான் இதுக்கு இங்கிலீஷ்ல பேரே இருக்கு, ரிபஃப்னு சொன்னாங்க. அப்புறம் பேப்பர்லயும் அது கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு, ஒரு கம்பெனிய இன்னொரு கம்பெனி விலைக்கு கேட்டு முடியாதுன்னா ரிபஃப், சமாதானம் பேச வந்தவங்கள திருப்பி அனுப்பினா ரிபஃப். ஸ்னப்னு இன்னொரு வார்த்தை இருக்கு, அது கண்டும் காணாம போறது. ரிபஃப்புக்கு முதல்ல நாம கைய நீட்டியிருக்கணும், அத தட்டி விடணும், அதான் இவ்வளவு வலி. இத்தாலிய மொழியில 'ரி'ன்னா திரும்ப, 'புஃபோ'ன்னா குப்புன்னு அடிக்கிற காத்து, அங்கருந்து வந்த வார்த்தையாம். ஆடி மாசம் ஆரல்வாய்மொழியில பஸ்ஸ விட்டு இறங்குனா மூஞ்சில அறையும்லா, அதே காத்து!

நம்ம ஊர்ல யாரு இப்படி சொல்லுவா? தக்கலை வீட்டுக்கு ஒரு மாமா கடன் கேட்டு வருவாங்க, அம்மா கையில பைசா இருக்காது, ஆனா "இல்ல"ன்னு வாயில வராது. "இருங்கண்ணே, சாயா போடுதேன்"னு அடுப்பு பக்கம் போவா, மரச்சீனி அவிச்சது ஒரு தட்டு வரும், சீட்டு இன்னும் விழல, ரப்பர் ஷீட்டு விலை கெடக்க கெடைய பாத்தீங்களான்னு பேச்சு நீளும், மாமாவுக்கு புரிஞ்சிடும். போறப்ப கையில ஒரு சீப்பு மட்டிப்பழம் இருக்கும்.

இப்ப இங்க எனக்கு நல்லா பழகிடுச்சு. நோன்னா அந்த ஒரு விஷயத்துக்குத்தான் நோ, ஆள் மேல கோபம் இல்ல, அந்த அம்மாவே பிறகு என் பிள்ளைக்கு காய்ச்சல்னதும் என் நைட் டியூட்டிய கேக்காமலே எடுத்துக்கிட்டாங்க, தங்கமான மனசு. ஆனாலும் "பாத்துகிடலாம் மக்கா, கண்டிப்பா வருதேன்"னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு வராமலே இருக்கிற எங்க சித்தி குரல் கேட்டா போதும்னு இருக்கு. முடியாதுன்னு சொல்லட்டும், தப்பில்ல. முகத்த பாத்து சொல்லணும், அதுல எனக்கு மாத்தமே கிடையாது.

போன வாரம் இன்டர்நெட் கனெக்ஷன் விக்க ஒரு பையன் மழையில நனைஞ்சு வாசல்ல நின்னான். எங்களுக்கு வேண்டாம் தம்பி, உள்ள வந்து ஒரு சாயா குடிச்சிட்டு போன்னேன். வந்தான், ரெண்டு கிளாஸ் குடிச்சான்.