சனிக்கிழமைச் சந்தையை மீட்ட கதை: நமக்கு நாமே திட்டத்தில் எங்கள் அனுபவம்

திண்டுக்கல் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குச் சனிக்கிழமைச் சந்தைதான் உயிர். முருங்கை, தக்காளி, கீரை, கருவாடு என்று எல்லாம் அங்கேதான் கைமாறும். ஆனால் கொட்டகை சரிந்து, திடல் சேறாகி, வியாபாரிகள் ஒவ்வொருவராக ரோட்டோரத்துக்குப் போய்விட்டார்கள். ஆடு வாங்க, விற்க எப்படியும் வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குத்தான் போகிறோம். காய்கறி வியாபாரமும் போய்விட்டால் பஸ் ஸ்டாப்பைச் சுற்றியுள்ள கடைகள்கூட நிற்காது என்ற கவலை எங்களுக்கு.

ஊராட்சியின் பொது நிதியில் இவ்வளவு பெரிய வேலை நடக்காது. தலைவர்தான் நமக்கு நாமே திட்டத்தைச் சொன்னார். 1997இல் தொடங்கிய திட்டம், நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்து, 2021இல் பழைய பெயரோடு திரும்பி வந்தது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் கொடுத்தால் மீதியை அரசு போடும். 15 லட்சம் வேலைக்கு 5 லட்சம் நம் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்தான் பெரிய தடை என்று நினைப்பீர்கள். எங்களை அதிகம் நிறுத்தி வைத்தது நிலத்தின் காகிதம்தான். முதல் கேள்வி, சந்தை யாருடையது? ஊராட்சிச் சந்தை வேறு, ஊராட்சி ஒன்றியச் சந்தை வேறு. ஒன்றியச் சந்தையாக இருந்தால் முடிவும் குத்தகை வருமானமும் ஒன்றியத்தின் கையில் இருக்கும். எங்களுடையது ஊராட்சிக்கு உரியது என்பதைப் பழைய ஏலப் பதிவுகளைத் தேடி எடுத்துக் காட்டினோம். அடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டு (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டுவது) நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவும் எல்லையும் காட்டும் வரைபடம்) வாங்கினோம். திடலின் ஒரு மூலை ஓடைப் புறம்போக்கில் விழுந்திருந்தது. நீர்நிலைப் புறம்போக்கில் கட்டடம் கட்ட முடியாது என்பதால் அந்த மூலையை விட்டுவிட்டுத் திட்டத்தைச் சுருக்கினோம். இதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து வைத்தால் கோப்பு பாதியில் திரும்பாது.

2022 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். எங்கள் மக்கள்தொகைக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது வர வேண்டியவர்கள், 100 பேர். அதற்கும் அதிகமாகவே கூட்டம் வந்தது, பெரும்பாலும் மகளிர் குழுப் பெண்கள். தீர்மானத்தில் ‘சந்தையைச் சீரமைக்க’ என்று பொதுவாக எழுதாமல் சர்வே எண், கொட்டகை, மேடை, தண்ணீர்த் தொட்டி, வடிகால் என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னோம். மதிப்பீடு தயாரிக்கிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள்.

ஒன்றியப் பொறியாளரும் ஓவர்சியரும் டேப்போடு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வரைபடத்தில் மேடை இடுப்பு உயரத்துக்கு இருந்தது. கீரை விற்கிற அம்மா ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். “தம்பி, இவ்வளவு உசரத்துல கட்டினா என்னை ரெண்டு பேர் தூக்கி விடணும். முழங்காலுக்குக் கீழ இருக்கட்டும். முன்னால கூடை எறக்க எடம் விடுங்க. படுதா கட்ட வளையம் வேணும்,” என்றார். ஓவர்சியர் அங்கேயே ஒரு செங்கல் வரிசையை அடுக்கி, அவரை உட்கார வைத்துப் பார்த்தார். உயரம் ஒன்றரை அடியாகக் குறைந்தது, தூணுக்குத் தூண் வளையம் சேர்ந்தது. அந்த மாற்றத்துக்குக் கூடுதல் செலவு எதுவும் ஆகவில்லை. மதிப்பீடு எழுதும்போதே அங்கே உட்காருகிறவர்களைக் கேட்டே ஆக வேண்டும். வேறு ஊர்களில் ஆளே உட்காராத மேடைகளைப் பார்த்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பங்குத் தொகையைத் திரட்டியது எதிர்பார்த்ததைவிடச் சுலபம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாதாமாதம் அனுப்பினார்கள். மளிகைக் கடைக்காரர்கள், டெம்போ ஓட்டுகிறவர்கள், குழுக்கள் எல்லாரும் போட்டார்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுத்து, பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டினோம். அந்தப் பட்டியல் வந்த பிறகுதான் தயங்கி நின்றவர்களும் கொடுத்தார்கள். வரைவோலை எடுத்து விண்ணப்பத்தோடு இணைத்தோம். அப்புறம் நிர்வாக அனுமதிக்காகக் காத்திருந்ததுதான் பொறுமையைச் சோதித்தது. ஊரில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே இருந்தோம்.

பாதி அல்லது அதற்கு மேல் பங்கு தருகிறவர்கள் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யலாம். நாங்கள் அந்த அளவு இல்லை, அதனால் டெண்டர்தான். வேலை நடக்கும்போது தினமும் ஒருவர் திடலில் இருப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியதும் எங்கள் ஆட்களே.

இப்போது ரோட்டோரத்தில் இருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். சந்தைச் சுங்கம் வசூலிக்கும் உரிமை ஏலத்தில் முன்பைவிட நல்ல தொகைக்குப் போனது. அது ஊராட்சியின் சொந்த வருமானம், தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் உதவும். தலைச்சுமையாகக் கொண்டு வருகிற பெண்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஏல நிபந்தனையில் சேர்க்கச் சொன்னோம், சேர்த்தார்கள்.

கழிப்பறை மட்டும் இன்னும் இல்லை. விடியற்காலையில் வந்து இருட்டும்வரை இருக்கிற பெண்களுக்கு இது பெரிய கொடுமை. தூய்மை பாரத இயக்கத்தில் சமுதாயச் சுகாதார வளாகத்துக்கு 3 லட்சம் வரை வழி இருக்கிறது. அதில் 70 சதவீதம் அந்தத் திட்டத்திலிருந்தும் 30 சதவீதம் நிதிக்குழு மானியத்திலிருந்தும் வரும். கிராம சபையில் தீர்மானம் போட்டு, இடத்தின் சர்வே எண்ணோடு மனு கொடுத்திருக்கிறோம்.