பங்குனி ஆமையும் பழைய நோட்டுகளும்

ஆலிவ் ரிட்லி எனப்படும் பங்குனி ஆமையின் குஞ்சு ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து, ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியிலேயே முனைவர் பட்டம் வாங்கிய என்னாலும் முடியாது. வளர்ந்த ஆமை என்றால் வாலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆணுக்கு வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருக்கும். குஞ்சுக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. எக்ஸ், ஒய் குரோமோசோம் கணக்கும் கடல் ஆமைகளுக்குக் கிடையாது. முட்டை மணலுக்குள் இருக்கும் ஒன்றரை மாதத்தில், நடுவில் வரும் மூன்றில் ஒரு பங்கு நாட்களில் மணல் எவ்வளவு சூடாக இருந்ததோ அதுதான் முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும். ஓரிரு டிகிரி ஏறினாலே பெண் குஞ்சுகள் அதிகமாகிவிடும், இறங்கினால் ஆண் குஞ்சுகள்.

2018-ல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதன் வடபகுதிக் கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் (பச்சைக் கடல் ஆமைகளில்) 99 சதவீதத்துக்கும் மேல் பெண்கள் என்றது. அதைப் படித்துவிட்டுத்தான் நம் கரையில் நிலவரம் என்ன என்று தேட ஆரம்பித்தேன். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் முதுகலை முடித்திருந்தேன், நெட் தேர்வில் உதவித்தொகையும் கிடைத்திருந்தது. அந்தப் பகுதியைச் சொல்ல வேறொன்றும் இல்லை, எல்லோரும் படிக்கிற மாதிரிதான் படித்தேன்.

முதலில் அனுமதி. பங்குனி ஆமை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். ஆகவே ஒரு கூட்டுக்குள் வெப்பமானியை வைக்கக்கூட, 12-ஆம் பிரிவின் கீழ் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். செத்த குஞ்சை எடுத்துப் போய் ஆய்வுக்கூடத்தில் வைக்கவும் அனுமதி வேண்டும். அம்மாவிடம் இதை விளக்கியபோது, "செத்ததுக்குமா?" என்றாள். செத்ததுக்கும்தான்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆமைகள் ஜனவரியில் கரையேறத் தொடங்கும் என்றால் விண்ணப்பம் ஆடி மாதத்திலேயே போய்விட வேண்டும். எத்தனை கூடு, எந்தக் கரை, எந்தக் கருவி, முட்டையை எத்தனை நிமிடம் தொடுவீர்கள், மாதிரிகளைக் கடைசியில் எங்கே ஒப்படைப்பீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். 'தேவைக்கேற்ப' என்ற சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள். அந்தச் சொல் இருக்கும் கோப்பு திரும்பி வரும்.

அடுத்தது கருவி. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு டேட்டா லாகர் கிடைக்கிறது. குறித்த இடைவெளியில் வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும். விற்பவர்கள் சொல்லும் துல்லியத்திலேயே அரை டிகிரி பிசகு இருக்கலாம். நம் கேள்வியே ஓரிரு டிகிரியில் தொங்கும்போது அரை டிகிரி சின்ன விஷயமில்லை. அதனால் ஒவ்வொன்றையும் நீர்த்தொட்டியில், தரப்படுத்திய வெப்பமானியோடு சேர்த்து வைத்து, பிசகு எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பருவம் முடிந்ததும் திரும்பவும் அதே வேலை. உப்பு ஏறாமல் இருக்க ரப்பர் உறை மாட்டி, சுமார் 45 சென்டிமீட்டர் ஆழத்தில் முட்டைகளுக்கு நடுவே வைப்போம். பக்கத்தில் முட்டை இல்லாத வெறும் மணலிலும் ஒன்று வைப்போம், ஏனென்றால் வளரும் கருக்கள் தாமாகவே சூட்டைக் கிளப்பும். அந்தச் சூடு ஏறுவது பெரும்பாலும் கடைசி நாட்களில். ஆணா பெண்ணா என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். ஆனால் கூடு முப்பத்து நான்கு, முப்பத்தைந்து டிகிரியைத் தொட்டால் கருவே சாக ஆரம்பிக்கும்.

முட்டைகளை எடுத்து வந்து புதைத்துக் காக்கும் பொரிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மீனவ அண்ணன் ஒருவர் முதல் நாளே கேட்டார்: "ஏம்மா, மணல் சுடுதான்னு பார்க்க மிஷின் எதுக்கு? கால வெச்சாத் தெரியாதா?" மேல் மணல் மதியம் காலைப் பொசுக்கும், கூட்டின் ஆழத்திலோ இரவும் பகலும் பெரிய வித்தியாசமே இருக்காது என்று சொல்லி, லாகரைக் கணினியில் இறக்கிக் காட்டினேன். நேர்கோடு மாதிரி இருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப மழை பேஞ்ச அன்னிக்கு மட்டும் எறங்கியிருக்கு பாரு" என்று அவரே விரல் வைத்துக் காட்டினார். என் வழிகாட்டி அந்தச் சரிவைக் கவனித்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து.

வெப்பநிலையை அளந்தால் மட்டும் போதாது, குஞ்சின் பாலினத்தையும் சரிபார்க்க வேண்டும். குஞ்சுகள் வெளியேறிய பிறகு கூட்டைத் தோண்டிச் சுத்தம் செய்யும்போது, தானாகச் செத்துக் கிடப்பவை சில இருக்கும். அவற்றை ஃபார்மலினில் வைத்து, சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் இனப்பெருக்கச் சுரப்பியை எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சூலகம் என்றால் வெளிப்புற அடுக்கு தடித்திருக்கும். வெயிலில் அழுகிப்போனதில் எதுவும் தெரியாது. உயிருள்ள குஞ்சை இதற்காகக் கொல்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். புள்ளியியல் ஆசிரியர் ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளிப்பார்.

பெரிய சிக்கல் இதற்கு அப்புறம் வந்தது. ஒரு முனைவர் பட்டத்தில் சில பருவங்கள்தான் கிடைக்கும். அதை வைத்து வானிலையைப் பற்றிப் பேசலாம், பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச முடியாது. பழைய ஆண்டுகளில் மணலில் வெப்பமானி வைத்தவர் யாரும் இல்லை. காற்றின் வெப்பநிலை இருக்கிறது. 1792-ல் தொடங்கிய மதராஸ் வானாய்வகத்தின் வழிவந்த நுங்கம்பாக்கப் பதிவுகள் நாட்டிலேயே மிகப் பழையவற்றில் சேரும். மணலுக்குத்தான் ஒன்றும் இல்லை.

ஆனால் நோட்டுகள் இருந்தன. சென்னைக் கரையில் ஆமைக்காக இரவில் நடக்கும் பழக்கம் 1970-களிலேயே தொடங்கிவிட்டது. 1988-ல் மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றைக்கும் நடக்கிறது. கரை நெடுக இப்படிச் சிறு குழுக்கள் உண்டு. நாய், நரி, மனிதர் கையில் சிக்காமல் முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, புதைத்த தேதி, முட்டை எண்ணிக்கை, குஞ்சு வெளிவந்த தேதி எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள். சூடு கூடினால் குஞ்சு சீக்கிரம் பொரியும். அப்படியென்றால் இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாட்களே ஒரு வெப்பமானி. 1990-களில் பிரேசில் கரையின் பெருந்தலை ஆமைகளுக்கு இதே வழியில் பாலின விகிதத்தைக் கணித்திருக்கிறார்கள்.

ஒரு குழுவின் நோட்டுகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு வருடம் ஆங்கிலத் தேதி, இன்னொரு வருடம் 'மாசி 22'. சில பக்கங்களில் மழையில் கரைந்த மை. ஓரத்தில் கிரிக்கெட் ஸ்கோர். இடத்துக்கு 'பழைய ஐஸ் கம்பெனி எதிரே' என்று இருக்கும், அந்தக் கம்பெனி இடிந்து எத்தனையோ வருடமாகிறது. 2005 பருவத்துக்கு நோட்டே இல்லை; சுனாமிக்கு அடுத்த மாதம் யார் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்? எல்லாவற்றையும்விடத் தலைவலி கூரைதான். சில வருடங்களில் பொரிப்பகத்துக்கு மேலே கீற்று வேய்ந்திருந்தார்கள், சில வருடங்களில் திறந்த வெயில். அதை யாரும் எழுதவில்லை. பழைய போட்டோக்களைத் தேடி, கீற்று நிழல் மணலில் விழுந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் இப்படி வந்ததுதான். ஆய்வுக்கூட அத்தியாயத்தைவிட அதைத்தான் நான் நம்புகிறேன்.

அதில் தெரிந்தது: தையில் போட்ட முட்டைகள் சூடு குறைந்த மணலில் கிடக்கின்றன, ஆண் குஞ்சுகளுக்கு அங்கேதான் வாய்ப்பு. பங்குனிக் கடைசியில் போட்டவை வெயிலில் வேகின்றன. ஆகவே முதலில் வரும் கூடுகளை இழப்பது, எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரிய இழப்பு. கடைசிக் கூடுகளுக்குக் கொஞ்சம் நிழல் தரலாம். எல்லாவற்றுக்கும் கூரை போட்டு, நாமே ஆணாக்குவது என்று இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

வாய்மொழித் தேர்வில், "பெண்கள் கூடினால் இனம் அழிந்துவிடுமா?" என்று கேட்டார்கள். உடனே அழியாது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், ஒரே கூட்டின் முட்டைகளுக்கே பல தந்தைகள் இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்றைக்குப் பிறக்கும் குஞ்சு முட்டையிட வர பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், விளைவும் தாமதமாகத்தான் தெரியும். முட்டையே வெந்து சாவதுதான் எனக்குப் பெரிய பயம் என்றேன். அதைவிடப் பெரியது வலை என்றும் சொன்னேன். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஆமைக்கு நுரையீரல்தான்; இழுவை வலைக்குள் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் சாகும். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவை போடக்கூடாது என்று விதி இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடை தொடங்குவதோ ஏப்ரல் 15-ல். அதற்குள் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடும். முட்டைபோட வந்த பெண்ணையே கரைக்குப் பக்கத்தில் சாகவிட்டு, குஞ்சின் பாலின விகிதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது?

இப்போது திட்ட ஒப்பந்தத்தில் வேலை செய்கிறேன், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். இந்தத் துறையில் நிரந்தர இடங்கள் மிகக் குறைவு; தெரிந்தே வாருங்கள். குழுக்களுக்கு அச்சிட்ட நோட்டு ஒன்று கொடுத்திருக்கிறேன். அதில் 'கூரை உண்டா' என்று ஒரு பத்தி சேர்த்தாயிற்று. அண்ணன் அதைத் தவறாமல் நிரப்புகிறார். குறிப்புகள் பத்தியில் மட்டும் அன்றைய வஞ்சிரம் விலையை எழுதுகிறார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.