வாஸ்கோ ட காமாவோடு நிறுத்திவிடாதீர்கள்: போர்ச்சுகல் வரலாற்றை நான் படித்த கதை

ஐம்பதுக்குப் பதினேழு. எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டில் ஐபீரிய நாடுகளின் (ஸ்பெயின், போர்ச்சுகல்) வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்து, முதல் உள் தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண் அது. கேள்வி சுலபம்தான்: போர்த்துக்கீசியரின் கடல் விரிவாக்கத்துக்கான பின்னணியை ஆராய்க. நான் ஆறு பக்கம் எழுதினேன். 1498 கோழிக்கோடு, சாமூதிரி, மிளகு, 1510 கோவா, 1511 மலாக்கா, அல்மெய்டா, அல்புகெர்க் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டியிருந்தேன். விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "கப்பல் வந்து சேர்ந்த கதை சரி. புறப்பட்ட ஊர் எங்கே?"

கோபம் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் கேட்டது நியாயம். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் போர்த்துக்கீசியர் என்றால் கடற்கரையில் வந்து இறங்குகிறவர்கள். அவர்களுக்கும் ஒரு வீடு, வயல், மன்னன், பஞ்சம், பாட்டு எல்லாம் உண்டு என்பது நம் மண்டையில் ஏறுவதே இல்லை. இந்தத் தாளுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: லிஸ்பனில் நின்றுகொண்டு படியுங்கள், கோழிக்கோட்டில் நின்றுகொண்டு படிக்காதீர்கள்.

நான் முதலில் செய்தது வரைபடம். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஐபீரியத் தீபகற்பத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவை கையால் வரைந்தேன். நான்காம் நாளே ஒன்று உறைத்தது. போர்ச்சுகல் வடக்கு தெற்காகச் சுமார் 560 கிலோமீட்டர், அகலம் இருநூறு சொச்சம். மொத்தப் பரப்பு நம் தமிழ்நாட்டைவிடக் குறைவு. நிலத்தில் ஒரே ஒரு அண்டை நாடு, ஸ்பெயின். மீதி இரண்டு பக்கமும் அட்லாண்டிக். அந்த ஒரே அண்டை வீட்டோடு சண்டை வந்தால் போவதற்கு வேறு வாசல் கிடையாது. ஆசிரியர் கேட்ட 'பின்னணி'யில் பாதி இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு 1385-க்குப் போக வேண்டும். மன்னர் ஃபெர்னாண்டோ ஆண் வாரிசு இல்லாமல் 1383-இல் இறக்க, மருமகனான காஸ்டீல் (பிற்கால ஸ்பெயினின் பெரும்பகுதி) அரசன் நாட்டுக்கு உரிமை கோருகிறான். 1385 ஆகஸ்ட் 14 அன்று அல்ஜுபரோட்டா போரில் அவன் தோற்க, அவிஸ் வம்சத்தின் முதலாம் ஜுவாவோ நிலைபெறுகிறார். மறு ஆண்டே இங்கிலாந்துடன் விண்ட்சர் ஒப்பந்தம், அதைத் தொடர்ந்து லங்காஸ்டரின் ஃபிலிப்பாவோடு திருமணம். புது வம்சத்துக்குப் பெயர் எடுக்க வேண்டும், பிரபுக்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், கோதுமை போதவில்லை, சகாராவைத் தாண்டி ஒட்டகத்தில் வரும் தங்கம் வட ஆப்பிரிக்கச் சந்தைகளில் குவிகிறது. 1415-இல் வட ஆப்பிரிக்கத் துறைமுகமான செயூட்டாவைப் பிடித்தார்கள் என்ற வரியை இதற்குப் பிறகுதான் எழுத வேண்டும். நான் அதை முதல் வரியாக எழுதியிருந்தேன்.

இந்த இடத்தில் பலர் சறுக்கும் ஒரு பெயர், ஜுவாவோவின் மகன் 'கடலோடி' ஹென்றி. அவர் தன் ஆட்கள் போன அந்தத் தூரப் பயணங்களுக்குப் போகவே இல்லை. பணமும் அனுமதியும் தந்தவர். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவர் தலைமை வகித்த கிறிஸ்து சபை என்ற கிறிஸ்தவ வீரர் சபையிலிருந்து வந்தது. கலைக்கப்பட்ட டெம்ப்ளர் வீரர் சபையின் சொத்து 1319-இல் இந்தச் சபைக்குத்தான் போனது. கப்பல் பாய்களில் இருந்த சிவப்புச் சிலுவை அந்தச் சபையின் சின்னம். அதே ஹென்றியின் காலத்தில், 1444 ஆகஸ்டில், லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கி, அடிமைகளாகக் கூறு போட்டுப் பங்கிட்டார்கள். தாயும் பிள்ளையும் வெவ்வேறு கூறில் விழுந்ததை அரசவை வரலாற்றாசிரியரே எழுதி வைத்திருக்கிறார். கடல் விரிவாக்கம் பற்றிய விடையில் இந்தப் பத்தி இல்லையென்றால் அது பாதி விடை என்பது என் கருத்து.

பெயர்கள் மனசில் நிற்காமல் ஒரு மாதம் திண்டாடினேன். காப்பாற்றியது அம்மா. ஒருநாள் இரவு, "ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாமே போர்த்துக்கீசியச் சொல்லும்மா" என்றேன்.

"சாவியுமா? அதுக்கு முன்னாடி நாம வீட்டையே பூட்டலையா?"

"திறவுகோல்னு சொல்லியிருப்போம்."

"அப்ப நம்ம சொல்லைக் குடுத்துட்டு அவன் சொல்லை வாங்கிக்கிட்டோம். அவன் யாருகிட்ட வாங்குனான்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. மறுநாள் தேடினேன். அரிசிக்கு 'அர்ரோஸ்', சர்க்கரைக்கு 'அசூக்கர்', தலையணைக்கு 'அல்மொஃபாடா', ஆலிவ் எண்ணெய்க்கு 'அசெய்ட்' என எல்லாம் அரபியிலிருந்து வந்தவை. தென்கோடி மாநிலமான அல்கார்வே என்பதே அரபியில் 'மேற்கு'. 711-இல் ஜிப்ரால்டரைத் தாண்டி வந்த முஸ்லிம்களின் ஆட்சி லிஸ்பனில் 1147 வரையும், அல்கார்வேயில் 1249 வரையும் நீடித்தது. வருடங்களாக மட்டும் இருந்தபோது ஒட்டாத இந்தப் பகுதி, சமையலறைச் சொற்களாக வந்ததும் ஒட்டிக்கொண்டது. வீட்டுச் சுவர்களில் காணும் நீலவெள்ளை ஓடுகளான 'அசுலேஜு'வும் அரபிச் சொல்தான். ஒரு எச்சரிக்கை: சொற்பட்டியலை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், விடைத்தாளில் கொட்டாதீர்கள். பண்பாட்டுக் கேள்வி வந்தால் இரண்டு மூன்று போதும்.

காரணச் சங்கிலி பிடிபட எனக்கு உதவிய பகுதி 1578. இளம் மன்னர் செபஸ்தியாவோ மொராக்கோவில் அல்காசர் கிபிர் போரில் காணாமல் போகிறார். கல்யாணம் ஆகவில்லை, வாரிசு இல்லை. 1580-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பு போர்ச்சுகலுக்கும் அரசர் ஆகிறார். இதை "ஸ்பெயினின் மாகாணம் ஆனது" என்று எழுதாதீர்கள். அரசர் ஒருவர், சட்டமும் நிர்வாகமும் தனி. ஆனால் ஸ்பெயினின் எதிரியான டச்சுக்காரர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? ஸ்பெயின் மேலிருந்த பகை போர்த்துக்கீசியக் கோட்டைகள் மேல் விழுந்தது. 1640 டிசம்பர் 1 அன்று லிஸ்பன் பிரபுக்கள் கிளர்ந்து பிரகன்சா வம்சத்தை அமர்த்திய பிறகும் டச்சுத் தாக்குதல் ஓயவில்லை. மலாக்கா 1641, கொழும்பு 1656, யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் 1658. மொராக்கோ மணலில் ஒரு பையன் செத்ததன் விளைவு எண்பது வருடம் கழித்து நாகப்பட்டினம் வரை வந்தது. இதைக் காலண்டர் தாளில் அம்புக்குறி போட்டு எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். இன்றைக்கும் மறக்கவில்லை.

செபஸ்தியாவோவின் கதை அரசியலோடு முடிந்துவிடவில்லை. ஒரு பனிமூட்டமான காலையில் அவர் திரும்பி வருவார் என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தார்கள். 'சௌதாதே' என்ற சொல்லை வெறுமனே 'ஏக்கம்' என்று எழுதிவிட்டுப் போகாமல், இந்தக் காத்திருப்பையும் கடலுக்குப் போனவனின் வீட்டையும் சேர்த்து எழுதினால் விடைக்கு உயிர் வரும். 'ஃபாடோ' பாட்டுக்கும் அதேதான். சொல்லின் பொருளே விதி. லிஸ்பனின் ஏழைத் தெருக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த இசை. பன்னிரண்டு கம்பிகள் கொண்ட போர்த்துக்கீசிய கிதார், பாடும் பெண் தோளில் கறுப்புச் சால்வை. அமாலியா ரொட்ரிகஸின் குரலை யூடியூபில் பத்து நிமிடம் கேளுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்ற ஒரு வரித் தகவல் அதற்கப்புறம் தானாக நிற்கும்.

சாப்பாட்டில் 'பக்கல்யாவு' ஒன்று போதும். உப்புக் கருவாடுதான். வேடிக்கை என்னவென்றால் அந்த காட் மீன் போர்ச்சுகல் கடலில் கிடைப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்து, நார்வே பக்கத்துக் குளிர்கடல் மீன். கிறிஸ்துமஸ் முந்தின இரவு அது இல்லாமல் விருந்து இல்லை. அப்புறம் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு: 'பதுவை' அந்தோனியார் என்று நாம் கும்பிடுகிறவர் பிறந்தது லிஸ்பனில். ஜூன் 13 அவர் திருநாள். முந்தின இரவே லிஸ்பனின் அல்ஃபாமா பகுதித் தெருக்களில் மத்தி மீன் சுடும் புகை எழும்பிவிடும்.

1755 லிஸ்பன் நிலநடுக்கத்தை எல்லோரும் இரண்டு வரியில் முடிக்கிறார்கள். நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள், காலைப் பூசை நேரம். கோயில்களில் மெழுகுத்திரிகள் எரிந்துகொண்டிருந்தன. நிலநடுக்கம், கடல் அலை, தீ மூன்றும் சேர்ந்து நகரை முடித்தன. அப்போதைய அமைச்சர் பொம்பால் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று. நாட்டின் பங்குக் கோயில்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்: எவ்வளவு நேரம் ஆடியது, கடல் முதலில் உள்வாங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள். புதுக் கட்டடங்களுக்கு உள்ளே கூண்டு போல மரச்சட்டம் வைக்கச் செய்தார். ஆனால் அதே பொம்பால் எதிரிகளைப் பொது இடத்தில் கொடூரமாகக் கொன்றவர், 1759-இல் இயேசு சபையினரை நாடு கடத்தியவர். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும்.

கடைசியாக 1974 கார்னேஷன் புரட்சி. சர்வாதிகாரி சலாசார் ராணுவ அதிகாரி அல்ல, கோயிம்பிராவில் பொருளாதாரப் பேராசிரியர்; 1932 முதல் 1968 வரை பிரதமர். அவருக்குப் பின் மார்செலோ கயத்தானோ. அங்கோலாவில் 1961-லும் கினியாவில் 1963-லும் மொசாம்பிக்கில் 1964-லும் தொடங்கிய விடுதலைப் போர்களை அடக்கப் போன இளம் ராணுவ அதிகாரிகளே சலித்துப்போய் ஏப்ரல் 25 அன்று ஆட்சியைக் கவிழ்த்தார்கள். புறப்படுவதற்கான அடையாளம் வானொலியில் ஒலித்த பாடல்கள். உணவகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணிடம் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டார். அவள் கையில் இருந்தது கார்னேஷன் பூக்கள், அதைக் கொடுத்தாள். அது துப்பாக்கி முனையில் ஏறியது. 'ரத்தம் சிந்தாத புரட்சி' என்று எழுதாதீர்கள், ரகசியப் போலீஸ் சுட்டதில் அன்று நான்கு பேர் இறந்தார்கள்.

பல்கலைக்கழகத் தேர்வில் இந்தப் புரட்சி பற்றிய கேள்விதான் வந்தது. 1961-இல் தொடங்கி எழுதினேன். பூ கடைசிப் பத்தியில்தான் வந்தது. எழுபத்தைந்துக்கு ஐம்பத்தெட்டு. வரைபடக் கேள்வியில் மட்டும், அத்தனை காலண்டர் தாள் வரைந்த பிறகும், பதற்றத்தில் கோயிம்பிராவை லிஸ்பனுக்குத் தெற்கே குறித்துவிட்டு வந்தேன்.