விதைப்புப் பட்டம் தவறிய பிறகு ஒரு பாத்தி

அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதில் இரண்டு மாதம் தோட்டத்துப் பக்கமே நான் போகவில்லை. திரும்பி வந்தபோது பத்தடிக்கு நாலடிப் பாத்தி முழுக்கக் களை. காய்த்து ஓய்ந்த பீன்ஸ் செடிகள் மஞ்சளாக நின்றன. இனி அடுத்த வருஷம்தான் என்று மண்வெட்டியை உள்ளே வைக்கப் போனேன். மனசு வரவில்லை. நாள்காட்டியை எடுத்துப் பின்னாலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

முதல் உறைபனி வழக்கமாக விழும் வாரத்துக்கு 70 நாள் இருந்தது. ஆனால் விதைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கு, வெயிலும் பகலும் தாராளமாக இருக்கும் காலத்துக்கானது. பகல் குறையக் குறையப் பயிர் மெதுவாகத்தான் வளரும். அதற்காக இரண்டு வாரம் கழித்தால் கையில் நிற்பது 56 நாள். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இனி வேலையில்லை. குத்துச்செடி பீன்ஸ் 50, 55 நாளில் காய்க்கும் என்றாலும் ஒரே ராத்திரி உறைபனியில் கருகிவிடும், அதையும் விட்டேன். முள்ளங்கிக்கு 25 முதல் 30 நாள், பாலக்கீரைக்கு 40, 45 நாள் போதும். பீட்ரூட்டுக்கு 60 நாள், கேரட்டுக்கு 70 நாளுக்கு மேல். கணக்குப்படி இரண்டும் தேறாது. ஆனாலும் லேசான உறைபனியை இவை தாங்கும், குளிரில் கேரட்டின் இனிப்பும் கூடும் என்பதால் துணிந்து சேர்த்துக்கொண்டேன்.

பீன்ஸைப் பிடுங்காமல் அடியோடு வெட்டி, வேரை மண்ணிலேயே மக்க விட்டேன். களை எடுத்து, மக்கிய உரம் இரண்டு விரல்கடை தூவி, மேலாகக் கிளறினதோடு சரி. ஆழக் கொத்தினால் இருக்கிற ஈரமும் போய், தூங்கும் களை விதையும் மேலே வந்துவிடும்.

தாமத விதைப்பு என்றாலே எல்லோரும் குளிருக்குத்தான் பயப்படுகிறோம். எனக்குத் தொல்லை கொடுத்தது சூடு. கோடை வெயில் குடித்த மண்ணில்தான் விதை விழுகிறது. மத்தியானம் பாத்தியில் உள்ளங்கையை வைத்தால் ஐந்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. முதல் தடவை போட்ட கேரட் ஒன்றுகூட முளைக்கவில்லை. மேல்மண் காய்ந்து ஏடு கட்டியிருந்தது. அந்த ஏட்டைத் தள்ளிக்கொண்டு வர அவ்வளவு சின்ன முளைக்குத் தெம்பு ஏது? ஒரு வாரத்துக்கு மேல் வீண்.

இரண்டாவது தடவை வரி கிழித்ததும் அடியில் தண்ணீர் விட்டு ஊற வைத்தேன். அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைத் தூவி, மண்ணுக்குப் பதில் சலித்த மக்கு உரத்தால் மூடி, மேலே நனைத்த சாக்கை விரித்தேன். காலையும் மாலையும் பூவாளியால் சாக்கின் மேலேயே தண்ணீர். ஆறாம் நாளிலிருந்து தினமும் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம் நூல் மாதிரி வெளுத்த தண்டுகள், தலை இன்னும் மண்ணுக்குள் இருக்க, கழுத்தை மட்டும் கொக்கியாக வளைத்து வரிசையில் நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அன்றைக்கே சாக்கை எடுத்துவிட்டேன். ஒரு நாள் விட்டாலும் முளை சாக்கு இழைக்குள் ஏறிவிடும், அப்புறம் தூக்கினால் கழுத்து ஒடியும். எடுப்பதும் பொழுது சாய்ந்து எடுக்க வேண்டும். சாக்கடி நிழலில் பிறந்த பிஞ்சு உச்சி வெயில் தாங்காது.

பாலக் விதை 30 டிகிரிக்கு மேல் சரியாக முளைக்காது. அதனால் ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி ஐந்து நாள் ஃபிரிட்ஜில் வைத்தேன். வெள்ளை முனை தெரிந்ததும் மாலையில் விதைத்தேன். ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டது.

பீட்ரூட்டில் நாம் ஒரு விதை என்று ஊன்றுவது உண்மையில் ஒரு கொத்து. மூன்று நான்கு முளை சேர்ந்து வரும். ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் அடியோடு நறுக்கினேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். நாளே இல்லாதபோது முளைத்ததை வெட்டுவது சங்கடம்தான். ஆனால் கலைக்காத ஒரு மூலையில் கடைசி வரை இலைதான் மிஞ்சியது, கிழங்கு இறங்கவே இல்லை.

தோழி ஒருத்தி தன்னிடம் மிஞ்சிய நூல்கோல் நாற்று பன்னிரண்டு கொடுத்தாள். நாலு வார நாற்று என்பதால் அந்த நாலு வாரமும் எனக்கு மிச்சம். மாலையில் நட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் (நாற்று வேர் பிடிக்க விடும் இரண்டாம் தண்ணீர்) விட்டு, நாலு நாள் குச்சி ஊன்றிப் பழைய துணியால் நிழல் கட்டினேன். பதினொன்று பிழைத்தது.

முள்ளங்கி 28ஆம் நாள் கைக்கு வந்தது. பாலக்கில் வெளி இலைகளை மட்டும் கிள்ளிக் கிள்ளி மூன்று தடவை எடுத்தேன். பீட்ரூட் எலுமிச்சை அளவில் நின்றுவிட்டது. உறைபனி நாலைந்து தடவை விழுந்த பிறகு முதல் கேரட்டைப் பிடுங்கினேன். சுண்டுவிரல் தடிமன்தான். கழுவி அம்மா கையில் கொடுத்தேன். கடித்துப் பார்த்தவர், "மிச்சத்தை இப்பவே பிடுங்காதே, வேணும்கிறப்போ எடுத்துக்கலாம்" என்றார். பாத்தி மேல் ஒரு சாண் உயரத்துக்கு வைக்கோல் போட்டு மூடியிருக்கிறேன். அடியில் இன்னும் முப்பதுக்கு மேல் இருக்கும்.