1024-ஐத் தாண்டிய இரவு

போன வாரம் இரவு பதினோரு மணிக்கு எங்கள் அரட்டை சர்வர் புது இணைப்புகளை ஏற்க மறுத்தது. லாக் முழுக்க ஒரே பிழை, எண் 24: திறந்த கோப்புகள் அதிகம். லினக்ஸில் சாக்கெட்டும், அதாவது ஒவ்வொரு பிணைய இணைப்பும், கோப்புக் கணக்கில்தான் வரும்; ஒரு புராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு) வழக்கமான வரம்பு 1024.

சரி, யூலிமிட்டை, அதாவது அந்த வரம்பை, 65536 ஆக்கினேன். பிழை போனது, சிபியு கொதித்தது. பழைய நிரலில் இருந்த 'போல்' அழைப்பு, ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்பையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும். பேசுவது இருபது பேர்தான் என்றாலும் பத்தாயிரத்தையும் பார்த்தாக வேண்டும். அதற்கு மாற்றான 'ஈபோல்' அப்படியில்லை. இணைப்புகளை ஒருமுறை பதிந்துவிட்டால், தகவல் வந்தவற்றை மட்டும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எடுத்துத் தரும். எவ்வளவு அழகான யோசனை! 2002-லேயே லினக்ஸுக்கு வந்துவிட்டது.

ஈபோலுக்கு மாற்றியதும் சிபியு தணிந்தது. அப்புறம் பார்த்தால், திறந்த கோப்புகளின் எண்ணிக்கை மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது. எங்கோ இணைப்பை மூடும் ஒரு 'குளோஸ்' அழைப்பு விடுபட்டிருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.