75 இடங்கள்

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை இந்த வாரம் மூன்றாம் முறையாகப் படித்தேன். முன்பெல்லாம் புத்தகங்களைக் கொளுத்தும் தீயணைப்புப் படைதான் மனத்தில் நிற்கும். இம்முறை அந்தப் படையின் தலைவர் கேப்டன் பீட்டி பேசும் பக்கங்களைத் தாண்ட முடியவில்லை.

உடல்நலமில்லாமல் படுத்திருக்கும் படைவீரன் மோன்டாக்கின் அருகில் உட்கார்ந்து, எல்லாம் எப்படித் தொடங்கியது என்று பீட்டி விளக்குகிறார். தடை முதலில் அரசாங்கத்திடமிருந்து வரவில்லையாம். பேரிலக்கியங்களைப் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சிக்குச் சுருக்கினார்கள். பிறகு இரண்டு நிமிடத்தில் படிக்கும் பத்தி. கடைசியில் அகராதியில் பத்துப் பன்னிரண்டு வரி. இவர் மனம் நோகுமே, அவர் மனம் நோகுமே என்று ஆளுக்கொன்றாக நீக்கிக்கொண்டே போனார்கள். எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக ஆன பிறகு, எரிப்பதற்கு அரசுக்கு அதிக வேலை இருக்கவில்லை.

1953இல் வெளிவந்த இந்த நாவலுக்கே அந்தக் கதி நேர்ந்தது. 1967இல் பாலன்டைன் பதிப்பகம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தனிப் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, அதில் 75 இடங்களில் கைவைத்தது. வசைச் சொற்கள் போயின. கருக்கலைப்பு என்ற சொல் போனது. குடிகாரன் ஒருவன் நோயாளியானான். தொப்புளில் அழுக்கெடுப்பது காதைச் சுத்தம் செய்வதாக மாறியது. எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில ஆண்டுகள் இரண்டு வடிவங்களும் விற்றன. 1973க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் வெட்டுப்பட்டது மட்டுமே கடைகளில் கிடைத்தது. மாணவர்கள் கடிதம் எழுதித் தமக்குத் தெரிவித்ததாக பிராட்பரி பதிவுசெய்திருக்கிறார். அதன் பிறகே முழு நாவலும் மறுபடி அச்சுக் கோக்கப்பட்டது.

தொப்புளைக் காதாக மாற்றியவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது. கெட்டவராக இருந்திருக்க மாட்டார். வாக்கியம் உடையாமல், வரி நீளாமல், தழும்பு தெரியாமல் மாற்றியிருப்பார். அது தொழில் தெரிந்த கை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் மெய்ப்புத் திருத்துகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் கதைத் தொகுப்பு ஒன்று வந்தது. ஒரு கதையில், சாராயக் கடையிலிருந்து தள்ளாடிக்கொண்டு வரும் அப்பாவைத் தெருமுனையில் நின்று பார்க்கிறாள் ஒரு சிறுமி. பள்ளி நூலகங்கள் வாங்காது, அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்றார்கள். ‘சாராய’ என்பதை அடித்துவிட்டுப் ‘பெட்டி’ என்று எழுதினேன். சந்தி கெடவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அரை நிமிட வேலை.

புத்தகம் வெளிவந்ததும் எழுதிய அம்மா தொலைபேசியில் அழைத்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கோபப்படவில்லை. “ஐயா, பெட்டிக் கடைக்குப் போய்விட்டு வருகிறவர் ஏன் தள்ளாடுகிறார்? பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வேன்?” என்று மட்டும் கேட்டார். அவர் வகுப்பில் அந்தச் சிறுமியைப் போலத் தெருமுனையில் நின்ற பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதிய கதை அது.

அடுத்த பதிப்பு அச்சுக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். நேற்று இரவு பதிப்பகத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன்: பக்கம் 31, கீழிருந்து நான்காவது வரி. ‘பெட்டிக் கடை’ என்பதைச் ‘சாராயக் கடை’ என்று திருத்தவும். பிழை என்னுடையது.