அதே நம்பர்

"யாருப்பா அதையும் இதையும் பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறா?"

இதைச் சொன்னது நான். மாற்றக் குறிப்பில், நாங்கள் ஈ.சி.என். என்கிற அந்தத் தாளில், கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னேன். டிசைன் பிரிவுத் தம்பி அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். "சார், ஸ்பிரிங் மாறுதே, பார்ட் நம்பர் அதேதான் போகட்டுமா?" என்பது முதல் கேள்வி. "அதேதான்பா, ரெவிஷன் எழுத்தை மட்டும் ஏத்திடு" என்றேன். "பழைய ஸ்டாக்கோட கலந்துட்டா எது எதுன்னு எப்படி சார் தெரியும்?" என்பது இரண்டாவது. அதற்குத்தான் அந்தப் பதில்.

மாற்றம் சின்னதுதான். கம்பி விட்டம் 0.80 மி.மீ.-லிருந்து 0.85. சுருள் எண்ணிக்கை அதே, சுருள் விட்டம் அதே, பூச்சு அதே. உள்ளங்கையில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும். ஆனால் சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 0.05 மி.மீ. கூடினால் விறைப்பு சுமார் 27 சதவீதம் கூடிவிடும். வடிவம், பொருத்தம், செயல்பாடு ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் புது நம்பர் போட வேண்டும் என்பது இந்தத் துறையில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற விதி. 27 சதவீதம் என்பது செயல்பாடு மாறியது இல்லாமல் வேறென்ன?

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நம்பர் மாறினால் வாடிக்கையாளரிடம் பி.பி.ஏ.பி. கோப்பு, அதாவது பாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் ஆவணக் கட்டு, முழுவதையும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பொருள் பட்டியல், கொள்முதல் ஆணை, பெட்டி லேபிள், பார்கோடு, சர்வீஸ் கேட்லாக் எல்லாம் மாறும். வாரக்கணக்கில் இழுக்கும். அதோடு விலைப் பேச்சும் திரும்ப ஆரம்பிக்கும். இவ்வளவுக்கும் நாங்கள் செய்தது முன்னேற்றம். பழையது தளர்வாக இருந்தது, புதியது நன்றாக இருக்கிறது. நல்லதைச் செய்வதற்கு எதற்கு இத்தனை தடை என்றுதான் அன்று நினைத்தேன்.

ஏறக்குறைய இதே நியாயத்தோடு 2006 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கையெழுத்து விழுந்தது. அந்தக் கதை எனக்குத் தெரியாதது இல்லை. இங்கே சொல்ல வேண்டியதும் அதுதான்.

அது ஒரு இக்னிஷன் சுவிட்ச். செய்துகொடுத்தது டெல்ஃபை. 1999 வரை ஜெனரல் மோட்டார்ஸின் உள்ளேயே இருந்து பிறகு தனியாகப் பிரிந்த நிறுவனம். சாவியைத் திருப்பும்போது 'ஆஃப்', 'ஆக்சஸரி', 'ரன்' என்று ஒவ்வொரு நிலையிலும் ஒரு 'கிளிக்' கேட்குமே, அது எப்படி வருகிறதென்றால், உள்ளே பிளஞ்சர் என்கிற ஒரு குட்டித் தண்டை ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். பிளஞ்சரின் நுனி பள்ளத்தில் விழும்போது சாவி நிற்கும். பள்ளத்தை விட்டு வெளியே வர எவ்வளவு முறுக்குவிசை வேண்டும் என்பதை வரைபடம் சொல்லும். அந்த சுவிட்சுக்கு 20 நியூட்டன்-சென்டிமீட்டர், கூடக் குறைய 5. அதாவது எந்த சுவிட்சும் 15-க்குக் கீழே போகக் கூடாது. சோதனையில் வந்த சுவிட்சுகள் போயின.

15 என்றால் எவ்வளவு என்று கையால் உணர்வது நல்லது. அச்சிலிருந்து 3 செ.மீ. தள்ளி அரைக் கிலோ எடை தொங்கினால் அவ்வளவுதான் வரும். இப்போது சாவிக்கொத்தைப் பாருங்கள். சாவித் தலையில் வட்ட ஓட்டைக்குப் பதிலாக நீளத் துளை இருந்தால் வளையம் ஓரத்துக்கு நழுவும். அச்சிலிருந்து ஒன்றரை செ.மீ. தள்ளி 200 கிராம் கொத்து தொங்குகிறது என்று வையுங்கள். நின்றிருக்கும்போது 3 நியூட்டன்-சென்டிமீட்டர். வண்டி பள்ளத்தில் இறங்கி மூன்று மடங்கு உலுக்கினால் 9. 20 உள்ள சுவிட்ச் இதைக் கவனிக்கக்கூட மாட்டாது. 8 உள்ள சுவிட்ச் 'ரன்'-லிருந்து 'ஆக்சஸரி'க்குப் போய்விடும். ஓட்டுகிறவரின் முழங்கால் கொத்தில் இடித்தாலும் அதேதான்.

போனால் என்ன ஆகும்? இன்ஜின் அணையும். பவர் ஸ்டீயரிங் போகும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். இதோடு நின்றிருந்தால்கூடப் பலர் பிழைத்திருப்பார்கள். ஏர்பேக்கை விரிக்கச் சொல்லும் உணரிப் பெட்டிக்கும் 'ரன்' நிலையில்தான் மின்சாரம். வண்டி கட்டுப்பாடிழந்து மரத்தில் மோதும் அந்த நொடியில் ஏர்பேக் தூங்கிக்கொண்டிருக்கும். நிறுவனமோ ஓடும்போது இன்ஜின் அணைவதை 'வாடிக்கையாளர் வசதி' சார்ந்த குறை என்று வகைப்படுத்தி வைத்திருந்தது. பாதுகாப்புக் குறை என்ற தலைப்பில் அது வரவே இல்லை. சுவிட்சையும் ஏர்பேக்கையும் சேர்த்துப் பார்க்கும் மேஜை அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை. 2006 அக்டோபர் விபத்து ஒன்றை ஆராய்ந்த விஸ்கான்சின் மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் 2007 பிப்ரவரியிலேயே இரண்டையும் முடிச்சுப் போட்டு அறிக்கை எழுதிவிட்டார். பொறியாளர்கள் அங்கே வந்துசேர இன்னும் பல வருடம் ஆனது.

சுவிட்சுக்குப் பொறுப்பான பொறியாளர் ரே டிஜார்ஜியோ. முறுக்குவிசை குறைவு என்று தெரிந்தே 2002-இல் ஒப்புதல் கொடுத்தார். பள்ளத்தை இறுக்கப் போனால் மின்தொடர்புகள் கெட்டுவிடுமோ என்ற பயம். அந்த சுவிட்சில் ஏற்கனவே ஏகப்பட்ட மின்கோளாறுகள். ஒரு மின்னஞ்சலில் 'நரகத்து சுவிட்சால் களைத்துப்போன ரே' என்றே கையொப்பம் இட்டிருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஒரே பாகம் ஒன்றரை வருடம் நம் மேஜையை விட்டுப் போகாமல் கிடந்தால் வரும் களைப்பு எனக்குத் தெரியும். 'இது போதும், போகட்டும்' என்கிற வார்த்தை அந்தக் களைப்பிலிருந்துதான் வருகிறது.

2003 சாட்டர்ன் அயானில் அது வந்தது. பிறகு 2005 செவ்ரோலெட் கோபால்ட், எச்.எச்.ஆர்., பான்டியாக் ஜி5, சால்ஸ்டிஸ், சாட்டர்ன் ஸ்கை. ஒரு பாகத்தைப் பல வண்டிகளுக்குப் பங்கு போடுவது ஜெனரல் மோட்டார்ஸ் வளர்ந்த வழி. 1908-இல் வில்லியம் டூரான்ட் மிச்சிகனில் தொடங்கிய இந்த நிறுவனத்தை 1920-களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஏணிப்படி போல அடுக்கினார். கீழே செவ்ரோலெட், மேலே காடிலாக், ஒவ்வொரு வருமானத்துக்கும் ஒரு கார், உள்ளே எவ்வளவு முடியுமோ அவ்வளவு பொதுப் பாகங்கள். 1931-லிருந்து 2007 வரை 77 வருடம் உலகத்திலேயே அதிகக் கார் விற்ற நிறுவனம் அது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதி அவர்களுடையது. பங்கு போடும் பாகம் நன்றாக இருக்கும்வரை லாபமும் அப்படியே பெருகும். கெட்டுப்போனால் கேடும் அதே வேகத்தில் பெருகும்.

கோபால்ட் வந்த நேரம் கஷ்டகாலம். 2005-இல் நஷ்டம் 1,000 கோடி டாலருக்கு மேல். அந்த ஆண்டு நவம்பரில் 30,000 வேலைகளை வெட்டுவதாக அறிவித்தார்கள். டெல்ஃபை அக்டோபரிலேயே திவாலுக்குப் போயிருந்தது. சுவிட்சைத் திருத்த ஒரு காருக்கு சுமார் 90 சென்ட், கருவிகளுக்கு 4 லட்சம் டாலர் என்று கணக்குப் போட்டார்கள். வாரன்டியில் மிச்சமாவது காருக்கு 10, 15 சென்ட்தான் என்று கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு குறிப்பு போனது: சாவிக்கொத்திலிருந்து கனமானவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள், கேட்டு வருபவர்களுக்குச் சாவித் துளையில் பொருத்த ஒரு செருகியைக் கொடுங்கள்.

ஆனால் 2006 ஏப்ரலில் டிஜார்ஜியோ அதைச் சரிசெய்தார். பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். நான் திரும்பத் திரும்ப நிற்பது இங்கேதான். நீளமான பிளஞ்சர், புது ஸ்பிரிங். டெல்ஃபை அனுப்பிய மாற்றத் தாளில் கையெழுத்திட்டார். பாகம் நல்லதானது. 2008 மாடல் கார்கள் தொழிற்சாலையை விட்டு வந்தபோது நல்ல சுவிட்சோடுதான் வந்தன. பார்ட் நம்பர் 10392423 மட்டும் அப்படியே இருந்தது.

அந்த நம்பர் மாறாததால் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. விபத்துகளை ஆராய்ந்த நிறுவனத்தின் உள்குழு ஒரு விநோதத்தைக் கண்டது: 2007 வரை உள்ள கார்களில்தான் ஏர்பேக் விரியவில்லை, 2008-லிருந்து அந்தக் குறை வரவில்லை. அப்படியானால் இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். கோப்பைத் திறந்தால் ஒரே நம்பர். டிஜார்ஜியோவைக் கேட்டால் எதுவும் மாறவில்லை என்கிறார். ஆகவே சுவிட்ச் காரணம் இல்லை என்று வேறு எங்கெங்கோ தேடினார்கள். வருடங்கள் போயின. கடைசியில் முடிச்சை அவிழ்த்தது ஒரு வழக்குக்காக வேலை செய்த ஃப்ளோரிடா பொறியாளர். பழைய கோபால்ட் சுவிட்சோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவர், டீலரிடம் போய் சுமார் 30 டாலருக்குப் புது சுவிட்ச் ஒன்று வாங்கினார். அதே நம்பர். இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

நான் யாரும் செய்ய மாட்டார்கள் என்று சொன்னதைத்தான் அவர் செய்தார்.

2014 பிப்ரவரியில் ரீகால் தொடங்கியது. மார்ச் இறுதியில் அது 26 லட்சம் கார்களாக வீங்கியதற்கு நம்பரும் ஒரு காரணம். நல்ல சுவிட்சோடு வெளிவந்த 2008-லிருந்து 2011 வரையிலான கார்களையும் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது, சுமார் 9,71,000 கார்கள். ஏனென்றால் சுமார் 95,000 பழைய சுவிட்சுகள் டீலர்களுக்கும் உதிரிபாக வியாபாரிகளுக்கும் போயிருந்தன. அவற்றில் சில ஆயிரம் இந்தப் புதிய கார்களில் பழுதுபார்ப்பின்போது ஏறியிருக்கலாம். எந்தக் காரில் எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. தம்பி கேட்ட கேள்வி வார்த்தை மாறாமல் இதுதான்.

முதலில் 13 சாவு என்றார்கள். இழப்பீட்டு நிதி கடைசியில் ஏற்றுக்கொண்டது 124.

டிஜார்ஜியோ அந்தக் கையெழுத்து நினைவில்லை என்று கடைசிவரை சொன்னார். வேலை போனது, அவரோடு சேர்த்து 15 பேருக்கு. அவர் பொய் சொன்னாரா, மறந்தாரா? நான் பல தடவை இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்துவிட்டேன். ஒரு வருடத்தில் எத்தனை மாற்றத் தாள் என் கைக்கு வருகிறது, அவற்றில் ஏழு வருடம் கழித்து எத்தனை நினைவிருக்கும்? மறந்திருக்க முடியும் என்று தோன்றும். உடனே இன்னொன்றும் தோன்றும். மனிதன் மறப்பான் என்பதற்காகத்தானே நம்பர் என்று ஒன்றை வைத்திருக்கிறோம். அதை எழுத மறுத்தவன் மறதியைக் காரணம் காட்டலாமா?

நிறுவனம் தன் விஷயத்தில் இதைத் தலைகீழாகச் செய்தது. 2009 ஜூன் 1 திவால் மனு, ஜூலை 10 மறுபிறப்பு. பழைய நிறுவனத்துக்கு 'மோட்டார்ஸ் லிக்விடேஷன்' என்று புதுப் பெயர் வைத்துக் கடன்களோடு ஒதுக்கிவிட்டு, புதிய நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அன்றைக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் புதிய நிறுவனம் பொறுப்பில்லை என்பது ஏற்பாடு. குறையை முன்பே தெரிந்து வைத்திருந்து சொல்லாமல் விட்டவர்களுக்கு அந்தக் கேடயம் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் சொன்னது. பொறுப்பைப் பிரிக்க வேண்டும் என்றபோது, எது பழையது எது புதியது என்று நாள் குறித்துப் பிரிக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஸ்பிரிங் உயிர் போகும் இடத்தில் இல்லை. இதை நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொள்கிறேன். கதவுக் கைப்பிடி திரும்பி வருவதற்கான ஸ்பிரிங், அவ்வளவுதான். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸில் இன்ஜின் அணைவதும் வசதிக் குறைதான் என்று நினைத்தார்கள். கைப்பிடி கனமானால் மோதலின்போது கதவின் பூட்டு எப்படி நடந்துகொள்ளும் என்று அந்தப் பிரிவை நான் கேட்கவில்லை. விறைப்பு கூடினால் தானாகத் திறக்கும் வாய்ப்பு குறையத்தான் செய்யும் என்று நானே முடிவு கட்டினேன். அது சரியாகவே இருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். கேட்காமல் முடிவு கட்டினேன் என்பதும் அப்படியே இருக்கிறது.

இப்போது புதிதாகச் சேருபவர்களுக்கு நான் நடத்தும் வகுப்பில் இந்த சுவிட்ச் கதையை முழுதாகச் சொல்கிறேன். செயல்பாடு மாறினால் நம்பர் மாறட்டும். பழைய ஸ்டாக்கை எண்ணித் தனியே பூட்டுங்கள். சர்வீஸ் கிடங்குக்குப் போனதையும் சேர்த்து எண்ணுங்கள், எல்லோரும் விடுவது அதைத்தான். மாறிய முதல் பெட்டியின் தேதியை வரைபடத்திலேயே எழுதுங்கள். தம்பி பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த ஸ்பிரிங் இன்றும் அதே நம்பரில்தான் போகிறது. ரெவிஷன் சி.